ஊர் காண்பதும் ஊர் தேடுவதும்

சிலப்பதிகாரத்திலே ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. மதுரை மாநகருட் புகுந்த கோவலன் அதன் வீதிகளையும் அங்காடிகளையும் மணிகள் குவிந்த கடைகளையும் கண்டு வியந்து, புறஞ்சேரிக்கு மீண்டான். அவன் கண்ட காட்சியில் குறையொன்றுமில்லை. ஆயினும் தன் உயிரைக் குடிக்கப்போகும் நகரம் அதுவென்பதை அக்காட்சி அவனுக்கு உணர்த்தவில்லை. கம்பராமாயணத்திலே ஊர் தேடு படலம் என்றொரு பகுதி உண்டு. இலங்கையுட் புகுந்த அனுமன் ஒருத்தியைத் தேடி வந்தவன். தேடி வந்தமையாலேயே அவன் மாளிகைதோறும் நுழைந்தான். கும்பகருணனின் உறக்கத்தையும் வீடணனின் இல்லத்தையும் மண்டோதரியின் எழிலையும் கண்டான். ஒன்றை மட்டும் நாடிச் சென்றவனுக்கு நகரம் முழுவதுமே கண்முன் விரிந்தது.

பிற நாடுகளுக்குப் பிரயாணஞ் செய்ய எண்ணுவோர் இவ்விருவரில் எவரைப் பின்பற்றுவது என்பதே இவ்வாரம் நான் வாசகர்முன் வைக்க விரும்பும் வினா. எமது ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் வெளிநாடு சென்று மீள்வோர் தொகை முன்னரிலும் பெரிது. அவர்களிற் பலர் திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதுகின்றனர். இப்பகுதியைக் கவனிப்பவன் என்ற முறையில் அவற்றுட் பலவற்றை நான் வாசிக்கின்றேன். விமானம் இறங்கியது, குளிர் வாட்டியது, கோபுரம் உயர்ந்து நின்றது, உணவு உறைக்கவில்லை, மறுநாட் காலை அடுத்த நகருக்குப் புறப்பட்டோம் என்ற வரிசை எல்லாவற்றிலும் ஒன்றே. எழுதுவோரின் தமிழிலே குற்றமில்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட பிரயாணத் திட்டமே அக்கட்டுரைகளை முன்கூட்டி எழுதிவிட்டது.

ஓய்வு பெறவிருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையிலே தமது திட்டமொன்றை எனக்குக் காட்டினார். லண்டன், பாரிஸ், பிரசெல்ஸ், அம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம் என 9 நகரங்கள், 8 நாடுகள், 14 நாட்கள். சரித்திரம் கற்பித்தவர் அவர். ஒவ்வொரு நகரையும் தக்க காரணத்தோடேயே தெரிந்திருந்தார். நாம் இருவரும் கணக்குப் பார்த்தோம். ஒன்பது நகரங்களுக்கிடையே எட்டு இடமாற்றங்கள். விடுதியைக் காலி செய்வது, நிலையம் செல்வது, புகையிரதம் ஏறுவது, புதிய விடுதியைக் கண்டடைவது என ஒவ்வொன்றும் அரைநாளை விழுங்குமெனின், நான்கு நாட்கள் வழியிலேயே கழியும். எஞ்சிய பத்து நாட்களை ஒன்பதாற் பிரித்தால் நகரொன்றுக்கு ஒரு நாளும் சிறிது பொழுதுமே கிடைக்கும். ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த ரோமாபுரிக்கு ஒரு நாள்!

இதற்கு மாற்றாக நான் எடுத்துரைப்பது வேறொரு முறை. நகரங்களைத் தெரிவதற்கு முன்னர் ஒரு பொருளைத் தெரிவுசெய்க. அது போன வழியைப் பின்தொடர்க. அந்த வழியிலுள்ள நகரங்களே உமது நகரங்கள். இம்முறை எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவேன்.

வெனிஸ் நகரத்து மாற்கு தேவாலயத்தின் முகப்பிலே நான்கு செப்புக் குதிரைகள் நிற்கின்றன. அவை போலிகள். பொன்முலாம் பூசப்பட்ட பழைய குதிரைகள், காற்றின் மாசு அரிக்காவண்ணம், அத்தேவாலயத்தின் நூதனசாலையிலேயே வைக்கப்பட்டுள்ளன. அக்குதிரைகளை வார்த்தவர் யார், எந்நூற்றாண்டில் வார்த்தார் என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை. அவை வெனிசுக்கு வந்த வழியில் மட்டும் ஐயமில்லை. 1204ஆம் ஆண்டு, நான்காம் சிலுவைப் போருக்கெனப் புறப்பட்ட படை, எருசலேமை நோக்கிச் செல்லாது, கிறிஸ்தவ நகரமேயாகிய கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிச் சூறையாடியது. அக்கொள்ளையில் வெனிசின் பங்கிலே வந்தவை இக்குதிரைகள். ஆகவே எமது பிரயாணம் வெனிசில் தொடங்கலாகாது. இன்று இஸ்தான்புல் என வழங்கும் கொன்ஸ்தாந்திநோபிளிலேயே தொடங்கவேண்டும்.

கி. பி. 330இல் கொன்ஸ்தாந்தைன் பேரரசன் தன் புதிய தலைநகராகத் திறந்துவைத்த அந்நகரத்தின் நடுவே, தேரோட்டப் பந்தயத் திடல் ஒன்று இருந்தது. குதிரைகள் அத்திடலை அழகுசெய்தன என்பதே வழிவழி வந்த கருத்து. அத்திடல் இருந்த இடம் இன்று ஒரு பொதுச் சதுக்கம். துருக்கியர் அதனைக் குதிரைத் திடல் என்றே நெடுங்காலம் வழங்கினர். அங்கே குதிரைகள் இல்லை. ஆனால் வேறு இரண்டு சின்னங்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்று, எகிப்திய மன்னன் மூன்றாம் துத்மோஸ் கர்னாக் கோயிலில் நாட்டிய ஒற்றைக் கற்றூண். தெயோதோசியஸ் பேரரசன் 390இல் அதனை இங்கே நிறுத்தினான். மற்றது, மூன்று பாம்புகள் பின்னிப் பிணைந்த வெண்கலத் தூண், கி. மு. 479இல் பிளாத்தேயாப் போரிலே பாரசீகரை வென்ற கிரேக்கர் டெல்பி ஆலயத்துக்குக் காணிக்கையாக அளித்தது. கொள்ளையிடப்பட்ட இந்நகரமும் பிறருடைய பொருள்களால் தன்னை அணிசெய்துகொண்ட நகரமே என்பதை அத்திடலில் நிற்பவன் உணராதிருக்க முடியாது.

அத்திடலிலிருந்து சில நிமிட நடையில் ஆயா சோபியா இருக்கின்றது. ஜஸ்டீனியன் பேரரசன் 532 முதல் 537 வரை கட்டுவித்த தேவாலயம் அது; 1453இல் பள்ளிவாசலாயிற்று; 1934இல் நூதனசாலையாக்கத் தீர்மானிக்கப்பட்டது; 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அதன் மேல்மாடத்துத் தரையிலே ஹென்றிக்குஸ் தந்தோலோ என்ற பெயர் பொறித்த கல்லொன்று பதிக்கப்பட்டுள்ளது. அக்கல் 19ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டது. ஆனால் அப்பெயருக்குரியவர் 1205இல் மெய்யாகவே இத்தேவாலயத்திற் புதைக்கப்பட்டவர். வெனிசின் தலைவராய், முதுமையுற்றுப் பார்வையும் இழந்திருந்த நிலையில், 1204ஆம் ஆண்டுப் படையை நடத்திவந்தவர் அவரே. குதிரைகள் வெனிசுக்குப் போயின. குதிரைகளைக் கவர்ந்த நகரத்தின் தலைவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்தது வெனிஸ். மாற்கு தேவாலயத்தின் தென்புற மூலையிலே செந்நிறப் பளிங்கு போன்ற கல்லிற் செதுக்கிய நான்கு அரசர் உருவங்கள், இருவர் இருவராகத் தழுவி நிற்கக் காணலாம். ரோமப் பேரரசை நால்வர் பங்கிட்டு ஆண்ட காலத்துச் சிற்பம் அது. அவர்களுள் ஒருவருடைய பாதம் மட்டும் வேறு நிறக் கல்லால் ஒட்டுப்போடப்பட்டுள்ளது. இழந்த பாதத்தின் துண்டு 1960களிலே நடைபெற்ற அகழாய்வில் இஸ்தான்புல்லிற் கிடைத்தது. இன்று அந்நகரத்துத் தொல்பொருள் நூதனசாலையில் இருக்கின்றது. ஓர் உருவத்தின் உடல் இத்தாலியிலும் அதன் பாதம் துருக்கியிலும்! இஸ்தான்புல்லில் அத்துண்டை முதலிற் கண்டவன் வெனிசிலே அந்த ஒட்டைக் கண்டதும் நின்றுவிடுவான். வெனிசை மட்டும் கண்டு செல்பவனுக்கு அது கல்லில் ஒரு நிறவேறுபாடு.

மூன்றாவது பாரிஸ். 1797ஆம் ஆண்டு மே மாதம் வெனிஸ் குடியரசு நெப்போலியன் முன் வீழ்ந்தது. அதே ஆண்டிலே குதிரைகள் முகப்பிலிருந்து இறக்கப்பட்டுப் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் லூவர் அரண்மனையருகே எழுந்த கறூசேல் வெற்றி வளைவின் உச்சியில் ஏற்றப்பட்டன. 1815இல் நெப்போலியன் தோற்றதும் அவை வெனிசுக்கு மீண்டன. இன்று அவ்வளைவின்மீதுள்ள தேரும் குதிரைகளும் பின்னர் வேறொரு சிற்பி செய்தவை.

மீளாதது ஒன்றுண்டு. வெனிசின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்தின் உணவு மண்டபத்துக்கென பவுலோ வெரோனீசே 1563இல் நிறைவுசெய்த கானாவூர்த் திருமண ஓவியத்தையும் அதே ஆண்டிலே பிரெஞ்சுப் படை கவர்ந்து சென்றது. ஏறக்குறைய 10 மீற்றர் அகலமும் 7 மீற்றர் உயரமுங் கொண்ட அவ்வோவியம் துண்டுகளாக வெட்டப்பட்டே கொண்டுசெல்லப்பட்டது. திரும்பவும் அனுப்பினால் சிதைந்துவிடும் என்று கூறி அதனை மட்டும் பாரிசில் நிறுத்திக்கொண்டு, ஈடாக வேறொரு பிரெஞ்சு ஓவியத்தை அனுப்பினர். லூவரில் இன்று அது மோனா லிசாவுக்கு நேரெதிர்ச் சுவரிலே தொங்குகின்றது. அம்மண்டபத்தில் நெருங்கி நிற்கும் மக்களிற் பெரும்பாலோர் அவ்வோவியத்துக்கு முதுகு காட்டியே நிற்கின்றனர். வெனிசு மடத்தில் 2007 முதல் அதன் நுட்பமான பிரதியொன்று பழைய சுவரிலே உள்ளது. போலி உரிய இடத்திலும் மூலம் உரியதல்லாத இடத்திலும் இருக்கும் இந்நிலையை நேரிற் காண்பதற்கு இரு நகரங்களுக்கும் செல்லத்தான் வேண்டும்.

இவ்வரிசையிலே சென்ற பிரயாணியிடம் ஒரு வினா தானாகவே எழும். 1815இல் குதிரைகள் உரிய இடத்துக்கு மீண்டன என்று ஐரோப்பா மகிழ்ந்தது. எது உரிய இடம்? கணக்கு 1797 வரை மட்டுமே பின்னோக்கி எண்ணப்பட்டது. 1204 வரை எண்ணப்படவில்லை. 1204 வரை எண்ணினால், டெல்பியின் பாம்புத் தூணுக்கும் கர்னாக்கின் கற்றூணுக்கும் விடை சொல்லவேண்டிவரும். இதற்கு எதிரான நியாயமும் வலியதே. கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சியைக் கண்ணாரக் கண்ட நிக்கித்தாஸ் கொனியாத்தஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், அந்நகரின் வெண்கலச் சிலைகள் பலவற்றை வென்றவர்கள் உருக்கி நாணயமாக்கியதைப் புலம்பி எழுதியுள்ளார். கவர்ந்து செல்லப்பட்டமையாலேயே இந்நான்கு குதிரைகள் தப்பின. களவும் காவலும் ஒரே செயலிற் கலந்து கிடக்கும்போது, தீர்ப்புக் கூறுவது எளிதன்று. மாணவர் ஒருவர் இவ்விடரை நூலிற் படிக்கலாம். ஆயினும் வெறுமையான திடலையும் ஒட்டுப்போட்ட பாதத்தையும் முதுகுகளைப் பார்த்திருக்கும் ஓவியத்தையும் அடுத்தடுத்துக் கண்டவருக்கு அது தம்முடைய இடராகிவிடுகின்றது.

இது எங்கோ நடந்த பழங்கதை என எவரும் எண்ணவேண்டாம். 2001இல் ஏதென்ஸ் சென்ற பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சூறையாடலை நினைவுகூர்ந்து வருத்தம் தெரிவித்தார். எம் நாட்டையும் இவ்வினா தொட்டிருக்கின்றது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிற் கவர்ந்த பீரங்கி, வாள்கள் முதலிய 6 பொருள்களை நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அவை கொழும்பு நூதனசாலையை வந்தடைந்தன. இப்பிரயாணத்தின் முதற் படியைக் கொழும்பிலேயே எடுத்துவைக்கலாம் என்பேன்.

இனி நடைமுறை. நாட்கள் 18 எனக் கொள்வோம். இஸ்தான்புல்லில் 6 இரவுகள், வெனிசில் 7, பாரிசில் 5. பிரயாணச்சீட்டை இஸ்தான்புல்லில் இறங்கிப் பாரிசிலிருந்து திரும்புமாறு எடுத்தால், வந்த வழியே மீளும் செலவும் களைப்பும் மிச்சமாகும். இஸ்தான்புல்லிலிருந்து வெனிசுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலத்துக்குட் செல்லலாம். வெனிசிலிருந்து பாரிசுக்குப் புகையிரதமே உகந்தது. மிலானில் மாறி, 1871இல் திறக்கப்பட்ட அல்ப்ஸ் மலைச் சுரங்கத்தின் வழியே பகற்பொழுதிற் போகும்போது, இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடையே எத்தகைய மலைச்சுவர் நிற்கின்றது என்பது புலனாகும். அக்கனத்த செப்பை அவ்வளவு தொலைவு நகர்த்திய ஆசை எவ்வளவு பெரியது என்பதும் புலனாகும்.

அனுமதிப் பத்திரங்களை முதலிற் கவனிக்க. துருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும். இத்தாலியும் பிரான்சும் ஷெங்கன் உடன்படிக்கைக்குட்பட்ட 29 நாடுகளைச் சேர்ந்தவையாதலால் ஒரே விசா இரண்டுக்கும் செல்லும். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. எமது திட்டத்தில் அது இத்தாலி. பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாகவும் விண்ணப்பிக்கலாகாது. 15 நாட்களுக்குப் பிந்தியும் ஆகாது. 2024 ஜூன் மாதத்திலிருந்து வயதுவந்தோருக்கான கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஒன்பது நகரத் திட்டத்திலே ஒரு விடுதி மாறினாலும் பத்திரங்கள் அனைத்தையும் மாற்றி எழுதவேண்டும். நகரங்கள் குறையக் குறைய விண்ணப்பமும் தெளிவாகும்.

நாட்களின் ஒழுங்கும் கவனத்துக்குரியது. ஆயா சோபியாவின் மேல்மாடத்தைக் காண வெளிநாட்டாருக்கு 25 யூரோ கட்டணம் 2024 ஜனவரியில் விதிக்கப்பட்டது. திருத்தவேலை காரணமாகச் சில பகுதிகள் அடைபட்டிருக்கக்கூடும், முன்னரே விசாரித்துக்கொள்க. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குரியது. அவ்வேளையைத் தவிர்த்துச் செல்வது மரியாதை. லூவர் செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும்.

வெனிசுக்கு ஏன் ஏழு இரவுகள் என வினவுவோர் உளர். 1951இல் வெனிசின் பழைய தீவு நகரில் ஏறக்குறைய 175,000 மக்கள் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000த்துக்குக் கீழே இறங்கிவிட்டது. குடியிருப்போரின் வீடுகள் உல்லாசப் பிரயாணிகளின் விடுதிகளாகின்றன. காலையில் வந்து மாலையில் மறையும் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2024 ஏப்ரலில் பகற்பொழுது விருந்தினருக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணமொன்றைச் சில குறித்த நாட்களுக்கு நகரசபை அறவிடத் தொடங்கியது. இரவு தங்குவோருக்கு அக்கட்டணமில்லை. அவர்கள் வேறு வரி செலுத்துகின்றனர். ஒரு காலத்தில் பிற நகரங்களைக் கவர்ந்த வெனிஸ் இன்று தன்னையே பார்வையாளரிடம் இழந்துகொண்டிருக்கின்றது. அங்கே ஏழு நாள் தங்கி, அதே கடையில் நாள்தோறும் பாண் வாங்கி, விடுதியன்றி வீடாக எஞ்சியுள்ளவை எவையென மாலையிலே விளக்கெரியும் சாளரங்களைக் கொண்டு அறிபவரே, 1204ஐயும் 1797ஐயும் தொடர்ந்து அந்நகரத்தில் இப்பொழுது நடப்பது யாது என்பதை உணர்வார். அங்ஙனந் தங்குவோரும் விடுதியொன்றிலேயே தங்கவேண்டியிருக்கின்றது என்பது இத்திட்டத்தினால் தீராத முரண்பாடு. அதனை அறிந்தே செல்வோம்.

புறப்படுமுன் இரு நூல்களை வாசிக்குமாறு வேண்டுவேன். ஒன்று முன்னர்க் கூறிய கொனியாத்தசின் வரலாறு. மற்றது, அதே படையெடுப்பிற் பங்குகொண்ட வில்லார்துவான் என்னும் பிரெஞ்சுத் தலைவர் எழுதியது. பிரெஞ்சு உரைநடையிலெழுந்த பழைமையான வரலாற்று நூல்களுள் ஒன்று அது. இரண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. ஒரே நாளை வென்றவன் எழுதியபடியும் தோற்றவன் எழுதியபடியும் படித்தபின்னர், வழிகாட்டிகள் கூறும் கதைகளை எவரும் அப்படியே விழுங்கமாட்டார்.

ஆயுளில் ஒருமுறையே போகக்கூடிய ஆசிரியரிடம் ரோமாபுரியையும் வியன்னாவையும் விட்டுவிடு என்பது கொடுமையன்றோ எனச் சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்களுடைய ஏக்கம் எனக்கு விளங்காததன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். உடல் ஒத்துழைக்கும் ஆண்டுகளும் சில. ஆயினும் ஒருமுறையே உண்ணக் கிடைத்த விருந்தில் ஒன்பது கறிகளையும் நாநுனியிலே தொட்டு எழுவதா, மூன்றை வயிறார உண்பதா? விடுபட்ட நகரம் நூலில் இருக்கும், நிழற்படத்தில் இருக்கும். ஓடிக் கண்ட நகரமோ, கண்டுவிட்டோம் என்ற எண்ணத்தால் மனக்கதவையும் அடைத்துவிடும்.

குதிரைகள் ஓர் உதாரணமே. கணிதம் கற்பிப்பவர் எண்களின் வழியை நாடி பாக்தாத், தொலேதோ, பீசா என வரிசைப்படுத்தலாம். அச்சுக்கலையில் ஆர்வமுடையவர் மைன்ஸ் நகரிலிருந்து வெனிசுக்கு வரலாம். எவ்வழியாயினும், பொருளொன்றைப் பற்றிக்கொண்டு, இது இங்கே எவ்வாறு வந்தது, இதனை இழந்தவர் யார் என்று கேட்டுச் செல்வோமாக. வரும் விடுமுறையில் அவ்வாறு புறப்படுவோர், ஓரிடத்திலேனும் தாம் திகைத்து நின்றதை எழுதி அனுப்புவாராயின், அக்கட்டுரைக்கு இப்பகுதியில் இடம் உண்டு. விமானம் இறங்கிய நேரத்தை எழுதவேண்டியதில்லை.